மார்பக எலாஸ்டோகிராபி: கை அழுத்தம், கலர், கிலோபாஸ்கல்

எலாஸ்டோகிராபி என்பது அல்ட்ராசவுண்ட் மெஷினில் திசுவின் கடினத்தைக் கலரிலும் எண்ணிலும் காட்டும் பரிசோதனை. அதன் பட்டனைத் தொடுவதற்கு முன்பே பி-மோட் படத்தை, அதாவது வழக்கமான கறுப்பு வெள்ளை ஸ்கேன் படத்தைப் பார்த்து, பைராட்ஸ் வகையை (புற்றுநோய்ச் சந்தேகத்தைத் தரம் பிரிக்கும் முறை) முடிவு செய்து, குறித்தும் வைத்துவிடுங்கள். கலரைப் பார்த்த பிறகு கட்டியின் ஓரத்தை நடுநிலையோடு பார்ப்பது கடினம். பச்சையும் நீலமும் சிவப்பும் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். சற்று முன்புவரை 'ஓரம் தெளிவில்லை' என்று தோன்றிய கட்டி, மென்மையான கலர் வந்ததும் 'ஓரம் பரவாயில்லை' என்று மாறிவிடுகிறது. இந்தப் பரிசோதனையால் வரும் தவறுகளில் ஆபத்தானவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

எலாஸ்டோகிராபிக்கு உண்மையான வேலை இருப்பது பைராட்ஸ் 3, 4ஏ ஆகிய இரண்டு வகைகளில். வகை 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. 4ஏ என்றால் 2க்கு மேல், 10 வரை. இந்தச் சாம்பல் பகுதியில்தான் தேவையில்லாத பயாப்சிகள் (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) நிறைய நடக்கின்றன. 4சி, 5 என்று நினைக்கும், சந்தேகம் மிக அதிகமான கட்டிக்குக் கலர் என்ன வந்தாலும் பயாப்சி ஊசி போட்டே ஆக வேண்டும். சுத்தமான நீர்க்கட்டிக்கும் எலாஸ்டோகிராபி தேவையில்லை. பைராட்ஸின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்மை, இடைநிலை, கடினம் என மூன்று சொற்களைத் தந்திருக்கிறது. ஆனால் அவற்றைத் துணை அடையாளங்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. கட்டியின் வடிவம், ஓரம், படுத்திருக்கும் திசை இவையெல்லாம் முன்னே, கடினம் பின்னே.

இதற்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2012இல் வெளியான பிஇ1 என்ற பன்னாட்டு ஆய்வு. 939 கட்டிகளில் ஷியர் வேவ் எலாஸ்டோகிராபியை (இதன் ஒரு வகை, விளக்கம் கீழே) சேர்த்துப் பார்த்தபோது, சாதுவான, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டியைச் சாது என்று சரியாக ஒதுக்கும் திறன் சுமார் 61 சதவீதத்திலிருந்து 78 சதவீதத்துக்கு உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே மாதிரி மெஷினில், ஒரே விதிமுறையில் ஸ்கேன் செய்தார்கள். அதே பலன் நம் ஸ்கேன் அறையிலும் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் சரியாக வேண்டியது ப்ரோப் (தோலின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) பிடிக்கும் கை.

ஒரே பெயரில் இரண்டு பரிசோதனைகள்

ஸ்ட்ரெயின் எலாஸ்டோகிராபியில் திசுவைச் சற்றே அழுத்தி, எது எவ்வளவு நசுங்குகிறது என்று மெஷின் ஒப்பிடுகிறது. 1991இல் ஓஃபிர் என்ற ஆய்வாளரின் குழுவினர் முன்வைத்த வழி இது. கொழுப்பு நன்றாக நசுங்கும், புற்றுநோய்க் கட்டி நசுங்காது. இங்கே வருவது ஒப்பீடு மட்டுமே. பக்கத்தில் இருக்கும் திசுவைவிட இது கடினமா என்பதற்கு விடை கிடைக்கும். எவ்வளவு கடினம் என்பதற்குக் கிடைக்காது.

ஷியர் வேவில் மெஷினே ஒலி அலையால் திசுவைத் தள்ளிவிடுகிறது. அதனால் பக்கவாட்டில் பரவும் அலையின் வேகத்தை அளக்கிறது. கடினமான திசுவில் அலை வேகமாக ஓடும். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை வர்க்கப்படுத்தி 3ஆல் பெருக்கினால் கடினத்தின் அலகான கிலோபாஸ்கலில் எண் வந்துவிடும். வினாடிக்கு 5.2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 80 கிலோபாஸ்கல், 2.6 மீட்டர் என்றால் ஏறக்குறைய 20. வேகம் இரண்டு மடங்கானால் கிலோபாஸ்கல் நான்கு மடங்காகும் என்பதை மனத்தில் வையுங்கள். வேகத்தில் நேரும் சின்னப் பிழைகூட கிலோபாஸ்கலில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

கை

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டி இருக்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கட்டி வெளிப்புறப் பகுதியில் இருந்தால் தோளுக்கும் முதுகுக்கும் கீழே ஒரு தலையணை கொடுத்துச் சற்றுச் சாய்க்க வேண்டும். கட்டிக்கும் ப்ரோபுக்கும் இடையில் இருக்கும் திசு எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு நல்லது. 3 சென்டிமீட்டருக்குக் கீழே போகப் போகத் தள்ளும் அலை வலுவிழந்துவிடும். ஸ்ட்ரெயினிலும் அழுத்தம் அவ்வளவு ஆழத்துக்குச் சீராக இறங்காது. பெரிய மார்பகத்தில் ஆழமான கட்டி என்றால், அழுத்தித் தேடுவதைவிட அவரை ஒருக்களிக்க வைப்பதே மேல். ப்ரோப் தோலுக்கும் விலா எலும்புகளுக்கும் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அழுத்தம் ஒரு பக்கம் கூடி, கலரும் அந்தப் பக்கமே கடினமாகக் காட்டும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். பி-மோடில் படம் தெளிவாக வருவதற்காக எல்லோருமே ப்ரோபை நன்றாக அழுத்திப் பிடிப்போம். வருடக்கணக்கில் பழகிய கை அது. எலாஸ்டோகிராபிக்கு அந்தக் கை ஆகாது. கொழுப்பை அழுத்தினால் அதன் கடினம் மளமளவென்று ஏறும். சாதாரணச் சுரப்பித் திசுவும் ஏறும். புற்றுநோய்க் கட்டி ஏற்கெனவே கடினமாக இருப்பதால், ஒப்பிட்டுப் பார்த்தால் அவ்வளவாக ஏறாது. ஆக, அழுத்த அழுத்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. இதன் விளைவு ஸ்ட்ரெயினில் ஒரு மாதிரி, ஷியர் வேவில் வேறு மாதிரி. ஸ்ட்ரெயினில் கட்டி தன் சூழலில் கரைந்து, புற்றுநோய் கண்ணுக்குத் தப்பிவிடும். ஷியர் வேவில் எல்லாமே கடினமாகி, சாதுவான ஃபைப்ரோஅடினோமாவும் 80, 100 என்று எண் காட்டும்.

கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கட்டிக்கு நேர் கீழே ஒரு விலா எலும்பையோ, தெளிவாகத் தெரியும் ஏதேனும் ஓர் ஆழமான அமைப்பையோ திரையில் பிடித்துக்கொள்ளுங்கள். அது எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இப்போது ப்ரோபை மெல்ல, மிக மெல்லத் தூக்குங்கள். விலா எலும்பு திரையில் கீழே இறங்கிக்கொண்டே போகும். 2.2 சென்டிமீட்டரில் இருந்தது 2.5க்கும், பிறகு 2.8க்கும் போகலாம். இன்னும் தூக்கினால் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும். ப்ரோப் தோலை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நிழல் விழுவதற்குச் சற்று முன்னால், விலா எலும்பு மிக ஆழத்தில் தெரிந்த இடமே எலாஸ்டோகிராபிக்கு உரிய இடம். ஜெல்லைத் தாராளமாக வைத்தால் இந்த நிலையில் நிற்பது எளிது. மணிக்கட்டையோ சுண்டுவிரலையோ நோயாளியின் மார்பெலும்பின் மேல் ஊன்றிக்கொண்டால் ப்ரோபின் எடை மார்பகத்தின் மேல் இறங்காது. கேபிளைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் கேபிளின் இழுப்பே ப்ரோபைச் சாய்த்துவிடும்.

ஷியர் வேவில் இன்னொரு சாட்சி உண்டு. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு, மென்மைக்கு உரிய கலரில் சீராக இருக்க வேண்டும். ப்ரோபின் கீழே செங்குத்தாகக் கடினக் கலரில் பட்டைகள் ஓடினாலோ, தோலை ஒட்டிக் கடினக் கலர் கொட்டிக் கிடந்தாலோ, அது உங்கள் கை அழுத்தத்தின் படம். அந்தப் படத்தில் எதையும் அளக்காதீர்கள்.

ஸ்ட்ரெயின் படம்

பெட்டியைக் கட்டியைச் சுற்றி இறுக்கமாகப் போடுவது பரவலான தவறு. இது ஒப்பீடு என்பதால், ஒப்பிடுவதற்கு எல்லா வகைத் திசுவும் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். மேலே தோலடிக் கொழுப்பு, கீழே பெக்டோரல் தசை (மார்புத் தசை), இரண்டு பக்கமும் சாதாரணத் திசு. விலா எலும்பும் நுரையீரலும் உள்ளே வரக் கூடாது. கட்டி பெட்டியின் கால் பங்குக்கு மேல் அடைத்துக்கொள்ளக் கூடாது. பெட்டி முழுக்கக் கட்டியே நிறைந்திருந்தால், கடினமான கட்டியின் உள்ளேயே கொஞ்சம் மென்மையான பகுதியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மெஷின் பிரித்துக் காட்டும். அதைப் பார்த்துக் கட்டி மென்மை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. 3, 4 சென்டிமீட்டர் கட்டிகளில் ஸ்ட்ரெயின் அவ்வளவாக உதவாததற்கும் இதுவே காரணம்.

எவ்வளவு அசைக்க வேண்டும் என்பது மெஷினைப் பொறுத்தது. சில மெஷின்களுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலும் கீழுமாகச் சீரான தாளத்தில் அசைக்க வேண்டும். புதிய மெஷின்கள் பலவற்றுக்குக் கையை அசையாமல் வைத்திருந்தாலே போதும். நோயாளியின் மூச்சும் இதயத் துடிப்பும் தரும் அசைவு போதுமானது. அந்த மெஷின்களில் கையால் அழுத்தினால் படம் சிதறும். திரையின் ஓரத்தில் தரத்தைக் காட்டும் பட்டையோ எண்ணோ இருக்கும். அது நல்ல நிலையில் நிற்கும்போது பல ஃபிரேம்களில் ஒரே மாதிரி வரும் படத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் அழகாக வந்த படத்தை நம்பாதீர்கள்.

கலரின் அர்த்தம் மெஷினுக்கு மெஷின் தலைகீழாக மாறும். ஹிட்டாச்சியின் வழியில் நீலம் கடினம், சிவப்பு மென்மை. சூப்பர்சோனிக்கின் ஷியர் வேவில் சிவப்பு கடினம், நீலம் மென்மை. இரண்டு இடங்களில் வேலை செய்பவர்களும், வேறு சென்டரின் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது கலர் பட்டையின் ஓரத்தை. ரிப்போர்ட்டில் 'நீல நிறக் கட்டி' என்று எழுதுவதில் பயனில்லை. 'கடினம்' என்றோ 'மென்மை' என்றோ எழுதுங்கள்.

படத்தைப் படிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் உருவான 5 புள்ளி அளவுகோல். கட்டி முழுவதும் நசுங்கினால் 1. கலவையாக இருந்தால் 2. ஓரம் நசுங்கி நடு மட்டும் கடினமாக நின்றால் 3. முழுக் கட்டியும் கடினமென்றால் 4. கட்டியைச் சுற்றியுள்ள திசுவும் சேர்ந்து கடினமென்றால் 5. 3க்கும் 4க்கும் நடுவில் கோடு போட்டு 111 கட்டிகளில் பார்த்து 2006இல் வெளியிட்டபோது, புற்றுநோயைப் பிடிக்கும் திறன் 86.5 சதவீதமும், சாதுவை ஒதுக்கும் திறன் 89.8 சதவீதமும் வந்தன.

இரண்டாவது, அளவு ஒப்பீடு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பி-மோடில் கட்டியின் நீளத்தை அளந்து, அதே கோட்டை எலாஸ்டோகிராமுக்கு (கடினத்தைக் காட்டும் படம்) நகல் எடுத்து ஒப்பிட வேண்டும். புற்றுநோய் எலாஸ்டோகிராமில் பெரிதாகத் தெரியும். கட்டியைச் சுற்றி உருவாகும் நார்த்திசுவும், பி-மோடில் தெரியாமல் ஊடுருவியிருக்கும் பகுதியும் கடினமாகப் பதிவாவதே காரணம். சாதுவான கட்டி சிறிதாகத் தெரியும். விகிதம் 1க்குக் கீழே என்றால் சாது. 1 அல்லது அதற்கு மேல் என்றால் சந்தேகம். இரண்டு படங்களும் ஒரே ஃபிரேமிலிருந்து வந்திருக்க வேண்டும். அடர்த்தியான சுரப்பித் திசுவுக்குள் ஃபைப்ரோஅடினோமா புதைந்திருந்தாலும், இரண்டு கட்டிகள் ஒட்டியிருந்தாலும் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் விகிதம் பொய்யாக உயரும். அப்போது இந்த வழியை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கொழுப்போடு ஒப்பிடும் ஸ்ட்ரெயின் விகிதம். கொழுப்பின் வட்டத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் எண் தாவிக் குதிக்கும். முடிந்தவரை கட்டி இருக்கும் ஆழத்திலேயே, சுரப்பித் திசு கலக்காத கொழுப்பில் வையுங்கள். வெட்டு எண் (சாதுவையும் சந்தேகத்தையும் பிரிக்கும் எல்லை) மெஷினுக்கு மெஷின் மாறுவதால், வேறொருவருடைய எண்ணை எடுத்து உங்கள் மெஷினில் பயன்படுத்த வேண்டாம்.

ஸ்ட்ரெயின் தரும் பெரிய உதவி, பி-மோடில் திடக்கட்டி போல ஏமாற்றும் நீர்க்கட்டியைக் காட்டிக்கொடுப்பது. உள்ளே தூசு போல எதிரொலி நிறைந்த நீர்க்கட்டி, சில மெஷின்களில் கறுப்பு வளையமும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியும், கட்டிக்குக் கீழே பின்னால் இன்னொரு வெள்ளைப் புள்ளியுமாகத் தெரியும். வேறு சில மெஷின்களில் மேலிருந்து கீழாக நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று அடுக்காக வரும். இரண்டும் திரவம் நகர்வதால் வரும் கோலங்களே. கோலம் ஃபிரேமுக்கு ஃபிரேம் நிலைத்து நிற்க வேண்டும். சுவரில் திடமான முளை இருந்தால் கோலம் உடையும். அந்த முளைக்கு ஊசி தேவை.

ஷியர் வேவ் படம்

இங்கே கையை அசைக்கவே கூடாது. ப்ரோபை வைத்து, "அம்மா, மூச்சை இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், அப்படியே கொஞ்சம் நிறுத்திக்கோங்க" என்று சொல்லுங்கள். ஆழமாக மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் நெஞ்சு எழும்பி ப்ரோபில் முட்டும். அதுவே ஓர் அழுத்தம். படம் உடனே நிலைக்காது. முதல் சில வினாடிகளில் வரும் கலர் அலைந்துகொண்டிருக்கும். கலர் நிலைத்த பிறகு ஃபிரீஸ் செய்யுங்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு தடவை பார்க்க வேண்டும். எண்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால் அந்தப் பரிசோதனை நம்பத்தக்கது அல்ல.

அளவுகோலைப் பாருங்கள். மார்பகத்துக்கு வழக்கமாக 180 கிலோபாஸ்கல் வரை வைப்பார்கள். முந்தைய நோயாளிக்குக் கல்லீரல் பார்த்த செட்டிங்கில் அளவுகோல் 40இல் நின்றுகொண்டிருந்தால், சாதாரண ஃபைப்ரோஅடினோமாகூடச் செக்கச்செவேல் என்று எரியும்.

அளக்கும் வட்டம் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைக் கட்டியின் நடுவில் வைக்காதீர்கள். மிகக் கடினமான இடத்தில் வையுங்கள். அந்த இடம் பெரும்பாலும் கட்டியின் ஓரத்திலோ, ஓரத்தைத் தாண்டிய திசுவிலோ இருக்கும். ஊடுருவும் புற்றுநோயைச் சுற்றிக் கடினமான வளையம் தெரிவது வழக்கம். நடுப்பகுதி மென்மையாகவோ வெறுமையாகவோ இருக்கும். நடுவில் வட்டம் போட்டு 30 என்று எழுதினால், ஓரத்தில் 150 இருந்தது யாருக்கும் தெரியாமல் போகும். பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, உச்ச எண்ணை.

கட்டிக்குள் கலரே வராமல் கறுப்பாக இருந்தால் அதற்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. நீர்க்கட்டியில் ஷியர் அலை ஓடாது, அதனால் கறுப்பு. ஆழம் அதிகமானால் சிக்னல் கிடைக்காது, அதனாலும் கறுப்பு. மிகக் கடினமான புற்றுநோயில் அலை சரியாக உருவாகாமலோ, சிக்னல் இரைச்சலில் மூழ்கியோ மெஷின் எண் தராமல் போகும், அதுவும் கறுப்பு. மூன்றையும் பிரித்துக் காட்டுவது பி-மோட் படம் மட்டுமே. மெஷினில் தர வரைபடம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். தரம் குறைந்த இடத்தில் வந்த மென்மையான கலர் மென்மையைக் குறிக்காது.

எண்ணை என்ன செய்வது? பரவலாகப் பின்பற்றப்படும் வழி: 4ஏ கட்டி முட்டை வடிவில் இருந்து, உச்ச எண் 80ஐத் தாண்டாவிட்டால், பயாப்சிக்குப் பதிலாகக் கண்காணிக்கலாமா என்று யோசிக்கலாம். வகை 3 கட்டியில் 160 அல்லது அதற்கு மேல் வந்தால் ஊசி போட வேண்டும். இரண்டாவது விதியை நான் தயக்கமில்லாமல் ஏற்பேன். முதல் விதிக்கு நிபந்தனை வேண்டும். பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்திருப்பவர்கள், அண்மையில் வளர்ந்த கட்டியோடு வருபவர்கள் ஆகியோருக்கு அந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது. டிரிபிள் நெகட்டிவ் வகைப் புற்றுநோய் உருண்டையாக, ஓரம் தெளிவாக, ஃபைப்ரோஅடினோமாவின் சாயலில் வரும், மென்மையாகவும் இருக்கக்கூடும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வருவார் என்ற நம்பிக்கை இல்லாதபோதும் ஊசியே நல்லது. வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவரிடம் 'ஆறு மாதம் கழித்து வாங்க' என்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மென்மையான புற்றுநோய், கடினமான சாது

மியூசினஸ் புற்றுநோய், பாப்பிலரி வகை, லிம்ஃபோமா, நடுவில் அழுகிய பெரிய கட்டி, குழாய்க்குள்ளேயே நிற்கும் டிசிஐஎஸ், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு புற்றுநோய் இவையெல்லாம் மென்மையாகக் காட்டக்கூடும். மேமோகிராமில் சந்தேகமான சுண்ணாம்புத் துகள்கள் தெரிந்தால், எலாஸ்டோகிராபி என்ன சொன்னாலும் பயாப்சியைத் தவிர்க்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில், சுண்ணாம்பு படிந்த பழைய ஃபைப்ரோஅடினோமா, ஆபரேஷன் தழும்பு, கொழுப்பு நெக்ரோசிஸ், ஸ்கிளிரோசிங் அடினோசிஸ், நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் டயபெடிக் மாஸ்டோபதி எல்லாம் கல் போலக் காட்டும். நம்மூரில் இந்தப் பட்டியலின் தலையில் வைக்க வேண்டியவை கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸும் (ஒருவகை மார்பக அழற்சி) மார்பகக் காசநோயும். பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் இருக்கும் பெண், ஒழுங்கற்ற கட்டி, தோல் சிவப்பு, சீழ் வழியும் பாதை, அக்குளில் நெறிக்கட்டி என்று வந்தால் கலர் உச்சத்துக்கு ஏறலாம். புற்றுநோயையும் இதையும் கலர் பிரிக்காது. கோர் பயாப்சி எடுக்கும்போதே ஒரு துண்டைக் காசநோய்ப் பரிசோதனைக்கு ஃபார்மலின் இல்லாமல் உப்புநீரில் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது.

ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேறிடத்தில் எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது) செய்துவிட்டு வந்தவரின் கட்டியில் இரத்தக் கசிவு இருந்தால் அங்கே எடுக்கும் எண் நம்பத்தக்கது அல்ல. மரத்துப்போகும் ஊசி மருந்தும் கடினத்தை மாற்றும். ஆகவே எலாஸ்டோகிராபி எப்போதும் பயாப்சிக்கு முன்னால்தான்.

ரிப்போர்ட்டில் மெஷினின் பெயர், ஸ்ட்ரெயினா ஷியர் வேவா என்பது, உச்ச எண், அதன் அலகு, எந்த வழியில் படித்தீர்கள் என்பது, படத்தின் தரம் ஆகியவை இருக்க வேண்டும். '4.1' என்று மொட்டையாக எழுதினால் அது வினாடிக்கு மீட்டரா, ஸ்ட்ரெயின் விகிதமா என்று அடுத்த மருத்துவருக்குத் தெரியாது. கண்காணிப்பு ஸ்கேன் அதே மெஷினில் நடப்பது நல்லது. இரண்டு கம்பெனிகளின் கிலோபாஸ்கல்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

பயாப்சி முடிவு வந்த பிறகும் அந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது. உச்ச எண் 150க்கு மேல் வந்த கட்டியில், 14 கேஜ் ஊசியின் முடிவு சாதாரண ஃபைப்ரோஅடினோமா என்று வந்தால் பேதாலஜிஸ்டிடம் பேசுங்கள். உள்ளே நார்த்தன்மையோ சுண்ணாம்போ அதிகம் என்று அவர் சொன்னால் கடினத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அப்படி எதுவும் இல்லையென்றால், ஊசி கட்டிக்குள் போன படத்தை எடுத்துப் பாருங்கள். கட்டியின் கடினமான ஓரம் விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி எடுக்க வேண்டும்.